இரண்டாவது சுமை

மூன்றாவது முறை கேட்டபோதுதான் ஹாலிஸுக்கு உறைத்தது. எல்க் மான் கிடாவின் கூவல் அடித்தொண்டையில் கிளம்பி, மெல்ல மேலே ஏறி, விசிலாக நீண்டு, உச்சியில் ஓரிடத்தில் லேசாக உடைந்து, மூன்று உறுமலோடு முடிந்தது. இதற்கு முந்தைய கூவலும் அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தையதும் அப்படியே. மூன்று முறையும் அதே இடத்தில் உடைந்தது.

எல்க் மான் அப்படிக் கூவாது. செப்டம்பரில் மதம் ஏறிய கிடா ஒரு முறை கூவியது போல மறுமுறை கூவாது. கோபம் கூடக்கூட குரல் மாறும், பாதியில் அறுந்துபோகும், சில சமயம் வெறும் இருமலாகவே நின்றுவிடும். இருபத்தெட்டு வருடம் இந்த ஐடஹோ மலைகளில் அதைக் கேட்டே காது தேய்ந்தவன் ஹாலிஸ். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், பனி ஏறிய ஹக்கிள்பெர்ரிப் புதருக்கு நடுவே மண்டியிட்டபடி அவன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான்.

"மாப்ள, கேட்டீங்களா?"

வெர்ன் அவனுடைய தங்கை டார்லீனின் கணவர். வயது ஐம்பத்தைந்து, வாயில் எப்போதும் ஏதாவது மெல்லுவார். இப்போது காய்ந்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று.

"கேட்டேன் கேட்டேன். அது கிடா இல்ல மச்சான். எவனோ பாய்ஸிப் பட்டணத்தான் குழாய வாங்கிட்டு வந்து ஊதுறான். ஒரே ஒரு பாட்டுதான் கத்துக்கிட்டான்போல."

"மனுஷன்னா வண்டி எங்க? ரோடு முடியுற இடத்துல நம்ம வண்டி மட்டும்தான நின்னுச்சு?"

"குதிரையில வந்திருப்பான். இல்ல, பொண்டாட்டி தொரத்திவிட்டு ஆகஸ்ட்ல இருந்தே இங்கதான் கெடக்கானோ என்னமோ."

ஹாலிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கூவல் வந்த திசை அவனுக்குப் பிடிக்கவில்லை. அது கீழே, இவர்கள் இருவரும் 'கிணறு' என்று பெயர் வைத்திருந்த பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. வடக்குச் சரிவு, வெயில் படாத இடம். ஆளுயர ஆல்டர் புதர்கள் பனியின் கனத்தில் வருடக்கணக்காகச் சாய்ந்து வளர்ந்து, கீழ்நோக்கி வாரிவிட்ட தலைமுடி போலப் படுத்திருக்கும். இறங்குகிறவனைப் புதரே தள்ளிக்கொண்டு போகும், ஏறுகிறவனை நெஞ்சில் குத்தி நிறுத்தும். ஒன்பது வருடம் முன்பு அங்கே ஒரு கிடாவைக் கொன்றுவிட்டு, அந்த முந்நூறு கிலோவை முதுகில் மேலேற்ற மூன்று நாள் ஆனது. வெர்னின் வலது முழங்கால் அன்றைக்குத்தான் போனது. அதற்குப் பிறகு இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். கிணற்றுக்குள் எதையும் கொல்வதில்லை.

"இன்னும் ரெண்டு நாள்ல சீசன் முடியுது," என்றார் வெர்ன். மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "ஏப்ரல்ல நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வெச்சப்பவே டாக்டர் கைய விரிச்சுட்டான். அடுத்த வருஷம் உன் தங்கச்சி என்னை வாசல் தாண்ட விடமாட்டா. பாதி தூரம், அந்தத் திட்டு வரைக்கும் போவோம்டா."

ஹாலிஸ் மறுத்திருக்க வேண்டும். டார்லீன் கிளம்பும்போது காப்பிக் குடுவையைக் கையில் கொடுத்து, "நீ கூடப் போறதுனாலதான் அனுப்புறேன்," என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, அதனால் அந்த ஒரு வாக்கியம் அவன் தோளில் பையைவிடக் கனமாக இருந்தது. ஆனால் வெர்னின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. காற்று கீழிருந்து மேலே வருகிறதா என்று பார்த்தான். வந்தது. அதில் கிடாவின் மூத்திர நெடியும், அதற்கு அடியில் வேறு ஏதோ நனைந்த நாணய வாடையும் இருந்தது.

இறங்கினார்கள்.

திட்டை அடைந்ததும் வழக்கப்படி பிரிந்தார்கள். வில்லோடு வெர்ன் முன்னால், எண்பது அடி பின்னால் ஹாலிஸ். அழைக்கிறவன் பின்னால் இருந்து பெட்டையைப் போலச் சிணுங்குவான். அந்தக் குரலைத் தேடி வருகிற கிடா முன்னால் ஒளிந்திருப்பவனைத் தாண்டித்தான் வரவேண்டும். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்ன ரப்பர் ஊதல் இருவர் வாயிலும் இருக்கும். மனிதக் குரல் மானைக் கலைத்துவிடும் என்பதால் அவர்களுக்குள் பேச்சும் அதில்தான். இரண்டு குட்டிச் சிணுங்கல் என்றால் 'நான்தான், வா' என்று பொருள்.

ஹாலிஸ் ஒரு முறைதான் அழைத்தான். கீழே புதர் முறிந்தது. ஆனால் கிடா அழைப்புக்கு வருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரவில்லை. தலை திரும்பி, வெள்ளை விழி தெரிய, பின்னால் பார்த்துக்கொண்டே ஓடி வந்தது. வில் நாண் அறையும் சத்தம். அம்பு முன்சப்பைக்குப் பின்னால் இறகு வரை புதைந்தது. கிடா நாலு கால்களையும் உதைத்துத் துள்ளி, நாற்பது அடி ஓடி, நின்று, இருமியது. மூக்கிலிருந்து ரோஜா நிற நுரை கொத்தாகக் கொட்டியது. பின்னங்கால் மடங்கி, கொம்பு ஆல்டரில் சிக்கி, கழுத்து முறுகியபடி அது விழுந்து, தரையைத் தோண்டித் தோண்டி உதைத்து, ஓய்ந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அதன் புட்டத்தில் நான்கு கோடுகள் கிழிந்திருந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

"வேற கிடா குத்தியிருக்கும்," என்றார் வெர்ன்.

"கொம்பு ஓட்டை போடும் மாப்ள. இப்படி வகுந்து விடாது."

"அப்ப கரடி. இந்தப் பக்கம் க்ரிஸ்லி வருதுன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அப்போது கீழே, இருநூறு அடிக்குள், கூவல் கேட்டது. ஏறி, நீண்டு, அதே இடத்தில் உடைந்து, மூன்று உறுமல். இருவரும் செத்துக் கிடந்த கிடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தியா, நான் சொல்லல? பாய்ஸிக்காரன்," என்றார் வெர்ன். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கமாக உரித்துக் கூறு போடுவது இவர்கள் முறை. தோலை முதுகோடு கீறி உரித்து, முன்சப்பையை நெஞ்சிலிருந்து அறுத்து, பின்னந்தொடையை இடுப்புப் பந்தில் கழற்றி, மறுபக்கம் புரட்டினார்கள். சூடான இறைச்சியிலிருந்து ஆவி எழுந்தது. முழங்கை வரை ரத்தம் பிசுபிசுத்தது. ஒவ்வொரு காலையும் வெள்ளைத் துணிப்பையில் போட்டு, காற்றுப் படுகிற நிழலில் ஃபிர் மரக் கிளையில் தொங்கவிட்டார்கள். தலையை வெட்டி ஒரு விழுந்த மரத்தின் மேல் வைத்தார்கள். முதல் காக்கை வந்து இறங்கியது, பிறகு ஏழெட்டு.

முழங்கால் போனவர் அறுப்பார், கால் நன்றாக இருப்பவன் சுமப்பான். இதில் இருவருக்கும் தகராறே இல்லை. ஹாலிஸ் ஒரு பின்னந்தொடையை, சுமை ஏற்ற முதுகில் மாட்டும் சட்டத்தில் கட்டி, மேலே வில்லையும் செருகிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது வெர்ன் மண்டியிட்டபடி, ரத்தக் கையாலேயே ஒரு சாக்லேட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீ வர்றதுக்குள்ள கழுத்தையும் முடிச்சிடுறேன். வில்ல மேலயே வெச்சுட்டு வா, வீணா எதுக்குச் சொமக்குற? என் வில்லு இங்க இருக்குல்ல."

"கரடி வந்தா?"

"உன் தங்கச்சியோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துறவன்டா நான். கரடியாம்."

ஏறுவதற்கு மூன்றரை மணி நேரம் ஆனது. பத்தடிக்கு ஒரு முறை ஆல்டர் கிளை சட்டத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. இரண்டு முறை மல்லாந்து விழுந்தான். முகட்டில் பையைத் தொங்கவிட்டு, வில்லைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். செல்போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. 'கிடா விழுந்தது. உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கார்,' என்று தங்கைக்கு அனுப்பினான். அந்த நிமிடம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான். கீழிருந்து இரண்டு சிணுங்கல் கேட்டது. தானும் இரண்டு கொடுத்தான்.

ஒரு மணிக்கு, காலிச் சட்டத்தோடு, வில் இல்லாமல் மறுபடி இறங்கினான்.

பாதி வழியில்தான் காக்கைகள் ஞாபகம் வந்தது. எல்க் செத்த இடத்தில் நாள் முழுக்கச் சந்தை இரைச்சல் இருக்கும். இப்போது ஒன்றுகூடக் கத்தவில்லை. ஈ இல்லை. காற்றும் நின்றிருந்தது. அவன் பூட்ஸ் உரசும் சத்தமும், காதுக்குள் அவனுடைய ரத்தமும் தவிர வேறு சத்தமே இல்லை. காலையில் மூக்கில் பட்ட அந்த நாணய வாடை இப்போது தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

நின்று, இரண்டு முறை சிணுங்கினான்.

பதில் வந்தது. இரண்டு சிணுங்கல். ஆனால் இடப்புறம், திட்டுக்கும் கீழே.

தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தான். அங்கே ஓடை உண்டு, நியாயம்தான். இன்னும் கொஞ்சம் இறங்கி, மறுபடி அழைத்தான். இப்போது பதில் வலப்புறம் வந்தது. இவ்வளவு புதரைத் தாண்டி அந்த முழங்காலோடு அவ்வளவு சீக்கிரம் யாராலும் வர முடியாது. ஹாலிஸ் மூன்றாவது முறை அழைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான்.

இரண்டு சிணுங்கல். முதலாவது கொஞ்சம் நீளம். நடுவில் அரை மூச்சு. இரண்டாவதின் நுனியில் எச்சில் சிக்கிய ஒரு சின்னப் பிசிறு.

மூன்று முறையும் அதே பிசிறு.

"மாப்ள?" என்று வாய்விட்டுக் கூப்பிட்டான். வேட்டையில் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பதில் இல்லை.

ஓடினான். விழுந்தான். எழுந்தான். திட்டு.

ஃபிர் மரத்தில் பைகள் தொங்கின. அவன் போகும்போது மூன்று தொங்கின. இப்போது ஏழு. இரண்டு கிடாவுக்கென்று எட்டுப் பைகள் கொண்டுவந்திருந்தார்கள். காலியாக இருந்த மிச்ச நான்கும் நிரம்பியிருந்தன. சமமான இடைவெளியில், நிழலில், காற்று வரும் பக்கமாகத் திருப்பி, ரொம்பச் சுத்தமாக மாட்டியிருந்தது. வெர்ன் கயிற்றால் முடிச்சுப் போடுவார். இந்த நான்கிலும் முடிச்சு இல்லை. துணியை முறுக்கி, முறுக்கி, கிளைக்குள்ளேயே திணித்திருந்தது.

ஒன்றைத் தொட்டான். சூடாக இருந்தது.

காலையில் தொங்கவிட்ட இறைச்சி இந்நேரம் கல்லாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கை தானாகத் துணியை விலக்கியது. உள்ளே மயிர் குறைந்த வெளுத்த தொடை. முழங்கால். அதன் நடுவே அறுவை சிகிச்சை செய்த நீளமான வெள்ளைத் தழும்பு.

ஹாலிஸ் பின்னால் தடுமாறி விழுந்தான். கையை ஊன்றிய இடம் சொதசொதவென்று உள்வாங்கியது. அது கிடாவின் குடல் இல்லை. கிடாவின் வயிற்றை அவர்கள் திறக்கவே இல்லையே. தலையைத் தூக்கினான். விழுந்த மரத்தின் மேல் காலையில் வைத்த கிடாவின் தலை அப்படியே இருந்தது. பக்கத்தில், அதே கோணத்தில், சரிவைப் பார்த்தபடி, வெர்னின் தலை. தொப்பி இல்லை. கண்கள் திறந்திருந்தன. தாடை பிளந்து தொங்கியது. ஊதலையும் நாக்கையும் சேர்த்து வேரோடு பிடுங்கியிருந்தது.

பின்னால், பத்தடியில், ஆல்டருக்குள்ளிருந்து இரண்டு சிணுங்கல் வந்தது. மெதுவாக. ஆசையாக.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் கால் நின்றுவிடும் என்று தெரிந்தது. அது காலையிலிருந்து பார்த்திருக்கிறது. அழைத்ததைப் பார்த்தது, அறுத்ததைப் பார்த்தது, தொங்கவிட்டதைப் பார்த்தது. இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓட வேண்டும். ஆனால் இவரை இங்கே விட்டுவிட்டு, கிணற்றுக்குள் பையில் தொங்கவிட்டுவிட்டு, தங்கை முன்னால் போய் நிற்பது எப்படி? எதைக் காட்டுவான் அவளுக்கு? அழுதுகொண்டே சட்டையைக் கழற்றினான். முகத்தையாவது கொண்டுபோக வேண்டும். தலையைச் சட்டையில் சுற்றி, சட்டத்தில் வைத்து, வாரை இழுத்துக் கட்டினான். அது இவ்வளவு கனக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

எல்லாச் சுமையையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மிச்சத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது அவனுக்கு வழக்கம். பயத்தில் அறிவு கழன்றுவிட்டது, வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது.

"மிச்சத்துக்குத் திரும்ப வர்றேன் மாப்ள," என்று சத்தமாகச் சொன்னான்.

புதருக்குள் அசைவு நின்றது. கேட்டுக்கொண்டது போல.

ஏறினான். கையால், பல்லால், முழங்காலால் ஏறினான். ஆல்டர் நெஞ்சைக் கீறியது. பின்னால் ஏதும் வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு கிளை முறிந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். முகட்டை எட்டும்போது வெயில் எதிர்மலை உச்சியில் மட்டும் மிஞ்சியிருந்தது. சட்டத்தை இறக்கினான். வில்லை எடுத்தான். செல்போன் ஒரு முறை அதிர்ந்தது. 'சூப்பர். அவரை ரொம்பத் தூக்க விடாத.'

என்ன எழுதுவது?

அப்போது கீழே சட்டத்தின் கொக்கி குலுங்கும் சத்தம் கேட்டது.

பத்தடி நடை. நின்று மூச்சு. மறுபடி பத்தடி நடை. பாரம் சுமந்து ஏறுகிறவனின் நடை. ஹாலிஸ் அம்பைப் பூட்டினான். ஆல்டர் விலகியது. வெர்னின் முதுகுச் சட்டம் முதலில் தெரிந்தது, அதில் ஏழு பைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, குதிரைகூடச் சுமக்காத பாரமாக இருந்தன. அதன் கீழே குனிந்து நடந்து வந்தது வெர்னின் சட்டையைப் போட்டிருந்தது. சட்டைக் கை முழங்கை வரைக்கும்தான் எட்டியது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு முழம் கை இருந்தது. வெர்னின் தொப்பி. தொப்பிக்குக் கீழே இருந்ததை ஹாலிஸ் ஒரு முறை பார்த்தான். பிறகு நெஞ்சை மட்டும் பார்த்தான்.

இருபதடியில் எய்தான். அம்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பாதி வெளியே வந்தது. எல்க்காக இருந்தால் நாற்பதடியில் விழுந்திருக்கும்.

அது நின்றது. அம்பை முன்பக்கமாக உருவி எடுத்தது. நுனி ரத்தத்தை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரல் நுரை இருக்கிறதா என்று பார்த்தது. நல்ல வேட்டைக்காரன் பார்ப்பது போலவே பார்த்தது. பிறகு நடந்து வந்து, பாரத்தை இறக்கி, நிழலில், ஹாலிஸ் கொண்டுவந்த தலைக்குப் பக்கத்தில் பைகளை வரிசையாக வைத்தது. வெர்ன் முழுவதும் மேலே வந்துவிட்டார். ஒரு சுமைகூடக் கீழே மிச்சமில்லை.

ஹாலிஸ் ஓடினான். ஆறு எட்டு. குதிகாலுக்கு மேலே ஏதோ சூடாகத் தொட்டது. ஏழாவது எட்டுக்குக் கால் இல்லை. இரண்டு கால்களின் குதி நரம்பும் அறுந்து, பாதங்கள் தனியாக ஆடின. முகம் மண்ணில் அடிக்கக் குப்புற விழுந்தான். கத்தினான். கத்தியதை அது தலை சாய்த்துக் கேட்டது. பிறகு அவன் குரலிலேயே, அதே நீளத்துக்கு, ஒரு முறை கத்திப் பார்த்துக்கொண்டது.

அவனை இடப்பக்கமாகப் புரட்டியது. சரிவில் உருண்டுவிடாமல் இருக்க வலது கையை நீட்டி இழுத்து ஒரு சின்ன ஃபிர் மரத்தோடு கயிற்றால் கட்டியது. இம்முறை முடிச்சுப் போட்டது. கோணலான முடிச்சு, ஆனால் இறுகியது. வெர்னின் அலகு மாற்றும் கத்தியை எடுத்து, மழுங்கிய அலகைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டது.

விழுந்த மிருகம் செத்துவிட்டதா என்று பார்க்க வேட்டைக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. திறந்திருக்கும் கண்ணை அம்பு நுனியால் தொடுவார்கள். இமைத்தால் பொறுத்திருப்பார்கள்.

அது குனிந்து அம்பு நுனியால் ஹாலிஸின் கண்ணைத் தொட்டது.

ஹாலிஸ் இமைத்தான். இமைத்துக்கொண்டே இருந்தான்.

அது புது அலகைக் கத்தியில் பொருத்தி, கிளிக்கென்று மாட்டியது.